பெண்களை யார் விளிப்பது

எங்கள் வார்டில் இந்தத் தடவை நகரசபைக்கு இரண்டு பேர் நின்றார்கள். இரண்டு பேரும் ஊருக்கு உழைக்கவே பிறந்தவர்கள் என்பது, அவர்கள் அச்சடித்த நோட்டீசைப் படித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஒருவர் வக்கீல் தேவகுமார். மிஷன் காம்பவுண்டுப் பக்கத்துக்காரர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். கோட்டாற்றுச் சாக்கடையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் லண்டனில் ஆரம்பிப்பார். தேம்ஸ் நதி ஒரு காலத்தில் நாறிக் கிடந்ததாம், பார்லிமெண்டு அங்கத்தினர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டம் இயற்றினார்களாம். அங்கிருந்து அவர் கப்பலேறிச் சந்தை முக்குக்கு வந்து சேருவதற்குள், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். சில பேர் அப்படிச் செய்தார்கள்.

மற்றவர் முத்துநாயகம். கோட்டாறு சந்தையில் அரிசிக்கடை வைத்திருக்கிறார். என் தங்கை சொர்ணம்மாளைக் கட்டியவர். அதனால் அவருடைய நல்ல குணம், கெட்ட குணம் இரண்டும் எனக்குத் தெரியும். கெட்டதை நானே பார்த்திருக்கிறேன். நல்லதை அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய பேச்சில் லண்டன் கிடையாது, மதராஸ் உண்டு. மலையாளச் சர்க்காரின் கீழ் இருந்த நாஞ்சில் நாடு தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முத்துநாயகம் அதை நகரசபைக்கும் கொண்டு வந்தார். பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, தெருவில் தண்ணீர்க் குழாய் காற்றைத்தான் ஊதுகிறது, அதற்கு என்ன வழி என்று கேட்டார். இணைந்ததும் வரும் என்றார் முத்துநாயகம். கைதட்டல் விழுந்தது. குழாயும் பக்கத்தில் நின்று ஒரு தடவை ஊதியது.

சின்னம் கொடுக்கும்போது சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வக்கீலுக்குத் தராசும் இவருக்கு ஏணியும் விழுந்தன. முத்துநாயகத்துக்கு அதில் பெரிய மனத்தாங்கல். பரம்பரையாகத் தராசு பிடிக்கிற குடும்பம், நியாயப்படி தராசு தனக்குத்தான் வரவேண்டும் என்று என்னிடம் குறைபட்டார். ஆண்டவன் காப்பாற்றினான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் கடையில் அரிசி வாங்கிய வார்டு முழுவதும் ஓட்டுச் சாவடிக்குள் போய், இருட்டில் அந்தத் தராசை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நோட்டீசு எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் ஒரு வாரப் பத்திரிகையில் நாலு பேரைக் கிண்டல் செய்து எழுதுகிறவன். ஆனால் மைத்துனன், எங்கள் பக்கத்து வழக்கில் அத்தான், என்கிற முறை எழுத்தைவிடப் பழையது அல்லவா? பெயருக்கு முன்னால் போட அவர் மூன்று பட்டங்கள் தயாராக வைத்திருந்தார்: கருணைக் கடல், நெற்களஞ்சிய வேந்தர், கோட்டாற்றுக் கோமான். கடலையும் களஞ்சியத்தையும் ஒரே தாளில் போட்டால் நெல் முளைத்துவிடும், ஏதாவது ஒன்றை எடுத்துவிடுங்கள் மாப்பிள்ளை என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கருணையை எடுத்துவிட்டார்.

கணக்கு என்னவோ லேசான கணக்குத்தான். மிஷன் காம்பவுண்டுப் பக்கம் தேவகுமாருக்கு. கடைத்தெருவும் மேலத்தெருவும் முத்துநாயகத்துக்கு. இரண்டும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. மிச்சம் இருப்பது கீழத்தெரு. சந்தையில் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்களின் தெரு. கீழத்தெரு எந்தப் பக்கம் சாய்கிறதோ அவர்தான் மெம்பர். அவர்களில் முக்கால்வாசிப் பேர் முத்துநாயகத்தின் மூட்டையைத்தான் தூக்குகிறார்கள். கரம், அதாவது வரி, கட்டுகிறவன் மட்டும் ஓட்டுப் போட்ட காலம் போய், வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு என்று வந்தபோது, தனக்காகவே சர்க்கார் சட்டம் போட்டது போல அவர் சந்தோஷப்பட்டார்.

ஒலிபெருக்கி கட்டிய வாடகைக் காரில் கீழத்தெரு முக்குவரை போனார். அதற்கு மேல் கார் போகாது. இறங்கி, கும்பிட்ட கையோடு நடந்தார். அவர் அந்தத் தெருவுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவருடைய சுமட்டுக்காரன் சுடலையாண்டிதான் வழி காட்டினான். வாசல் வாசலாக ஆண்கள் நின்று, உண்டு முதலாளி, கண்டிப்பா உண்டு முதலாளி என்றார்கள். பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தார்கள். முத்துநாயகம் அந்தச் சிரிப்பையும் ஓட்டாகவே எண்ணிக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் கடைக்கு வந்த சுடலையாண்டி, மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்றான். தலையைச் சொறிந்தான். கடைசியில் சொன்னான். ஆண்கள் ஓட்டு உறுதி. பெண்கள் வரமாட்டார்கள். அவன் வீட்டிலேயே வரமாட்டார்கள். அவன் தாயார் முத்துக்கனி சொல்லிவிட்டாளாம், ஆம்பிளையளை விளிச்சுட்டுப் போயாச்சு, ஆம்பிளையோ போவட்டும், எங்களை யாரு விளிச்சா என்று.

முத்துநாயகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஒலிபெருக்கியில் தாய்மார்களே என்று தொண்டை கட்டும்வரை விளித்தாரே. எனக்குப் புரிந்தது. விளிப்பது என்றால் முறைப்படி அழைப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஆண் மட்டும் வந்து வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனால், அந்த வீட்டிலிருந்து ஆண் மட்டும் போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வருவான். பெண்கள் போக வேண்டுமென்றால் அழைக்கிற வீட்டுப் பெண் வரவேண்டும். வெளியே நின்று சொன்னால் போதாது, உள்ளே வந்து உட்கார வேண்டும், குங்குமம் கொடுக்க வேண்டும், கொடுத்ததைக் குடிக்க வேண்டும். அப்படி வந்து விளிக்காத வீட்டுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறவளை நாலு பேர் என்ன சொல்வார்கள்? சாவடி என்றாலும் அது மற்றவன் நடத்துகிற விசேஷம்தானே.

சட்டசபை எலெக்‌ஷனில் இந்தப் பெண்கள் ஓட்டுப் போடவில்லையா என்று முத்துநாயகம் கேட்டார். போட்டார்கள். அங்கே நிற்கிறவர் யாரென்றே தெரியாது, அதனால் விளிக்கவில்லையே என்ற வருத்தமும் கிடையாது. நகரசபைக்கு நிற்கிறவர் பக்கத்துத் தெருக்காரர். தெரிந்த மனிதர் விளிக்காமல் போனால்தான் குறை.

வக்கீலுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவருடைய மாமியார் நேசபாய் அம்மாள் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு வருஷக்கணக்காக கீழத்தெரு அடுக்களைகளில் நுழைந்து வருகிறவர். பிரசவத்துக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்திருக்கிறார், பிள்ளைகளுக்குச் சிரங்கு மருந்து பூசியிருக்கிறார். எந்த வீட்டு உரல் எங்கே கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கீழத்தெருப் பெண்கள் இரண்டு நாளாக அவரோடு நின்று பேசுகிறார்கள் என்று சுடலையாண்டி சொன்னதும் முத்துநாயகத்தின் முகத்தில் முதல் தடவையாக வேர்வை கண்டது. பெண்கள் வராவிட்டால் இழுபறி. பெண்கள் தராசுக்குப் போனால் தீர்ந்தது. ஊரெல்லாம் மெம்பர் முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்திருந்த நேரம். தோற்றால் அந்தப் பெயர் ஆயுள்வரை கூடவே வரும், கிண்டலாக.

என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சொர்ணம் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொல்லி, நாளைக்குக் கீழத்தெருவுக்குப் போய் எல்லாப் பெண்களையும் ஒரு வார்த்தை விளித்துவிட்டு வா என்றார், கடைக்குப் போய்ப் புளி வாங்கி வரச் சொல்வது போல.

சொர்ணம் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"விளிச்சா நாம போணும்," என்றாள். "தெரியும்லா?"

எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்டார்.

"கல்யாணத்துக்கு விளிச்சா ஒரு நேரம் சோறு போட்டு அனுப்பினா முடிஞ்சுது. இது அப்படியில்லை. அவியளை நாம வேணும்னு விளிக்கோம். பொறவு அங்க ஒரு காது குத்து, ஒரு சடங்கு, ஒரு சாவுன்னா சொல்லி ஆள் வரும். அப்ப, எனக்குக் கடையில சோலி இருக்கு, நீ மட்டும் போன்னு சொல்லப்பிடாது. நான் போய் விளிச்சதுக்கு நீங்களும் வரணும். சம்மதம்னா போறேன். இல்லைன்னா உங்க ஒலிபெருக்கியே விளிக்கட்டும்."

"சம்மதம், சம்மதம்," என்றார் முத்துநாயகம்.

அந்த ஒரு மாதமாக அவர் நாக்கு எதற்கெல்லாமோ சம்மதம் சொல்லிப் பழகியிருந்தது. தண்ணீருக்குச் சம்மதம், விளக்குக்குச் சம்மதம், சந்தைக்கு ஓட்டுக்கூரை போடச் சம்மதம். அந்த வரிசையில் இதையும் சொல்லிவிட்டார். சொர்ணம் என்னைப் பார்த்து, "அண்ணன் கேட்டீங்கள்லா?" என்றாள். கேட்டேன் என்றேன். உளுந்தைத் தொடர்ந்து புடைத்தாள்.

அவள் போனாள். வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு தாம்பாளம். காரும் கிடையாது, கோஷமும் கிடையாது. ஒரு வீடு விடவில்லை. உள்ளே போனாள், கவிழ்த்துப் போட்ட உரலில் உட்கார்ந்தாள், கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தாள். எல்லா வீட்டிலும் குடித்ததில் அன்று அவளுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மேலத்தெருவில் நாலு பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள், அரிசிக்கடை வீட்டம்மாளுக்குப் புத்தி கெட்டுப் போச்சு என்று. கீழத்தெருவில் வேறு பேச்சு. முத்துக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். என் மருமவ ஒருத்திதான் எனக்கு, இப்ப ரெண்டாச்சு என்றாளாம். நேசபாய் அம்மாள் மறுநாள் அந்தப் பக்கம் போனபோது, பெண்கள் பாயைப் போட்டு உட்கார வைத்து, காப்பி கொடுத்து, இந்தத் தடவை மட்டும் கோவிச்சுக்கப்பிடாது அம்மா, மத்தவிய முறையா விளிச்சுட்டாவ என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதிலிருந்து முத்துநாயகத்தின் நடையே மாறிவிட்டது. மெம்பர் என்கிற நினைப்பு போய்ச் சேர்மன் என்கிற நினைப்பு வந்தது. கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்காருகிறவர், இப்போது சபையில் தலைமை வகிக்கிறவர் போல இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார். அரிசி வாங்க வந்தவர்கள் மனுக் கொடுக்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஜெயிப்பார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஜெயித்த பிறகு அவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்பதுதான் சொர்ணத்தின் கவலையாக இருந்தது.

ஓட்டுப்போடுகிற நாளும் வந்தது. பழையாற்றுக்குப் போகிற ரோட்டில் இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடம்தான் சாவடி. முன்னால் ஒரு வாதுமை மரம். அந்த மரத்தடிவரை ஓட்டுக் கேட்கிற அபேட்சகர்கள் நிற்கலாம், அதற்கு மேல் கூடாது. முத்துநாயகம் சரிகைக் கரை வேட்டி, தோளில் மடித்த நேரியல், நெற்றியில் சந்தனம் சகிதம் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றார். தேவகுமார் கோட்டோடு அந்தப் பக்கம். இரண்டு பேரும் வருகிறவர்களையெல்லாம் கும்பிட்டார்கள். ஆள் வராத நேரத்தில் ஒருவரையொருவர் கும்பிட்டுக்கொண்டார்கள்.

கடைத்தெரு வந்து போட்டுவிட்டுப் போயிற்று. மிஷன் காம்பவுண்டு வந்தது, வரிசையாக, சங்கீதம் பாடாத குறைதான். கீழத்தெரு மட்டும் ஒரு ஆள் வரவில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முத்துநாயகத்தின் கும்பிடு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது.

அப்போது கீழத்தெருவிலிருந்து இசக்கி என்கிற சுமட்டுக்காரன் வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே முத்துநாயகத்தின் முன்னால் வந்து நின்றான்.

"முதலாளி, சுடலையாண்டிக்க அம்மை செத்துப்போனா. காலம்பறதான். உங்க வீட்டுல சொல்லியாச்சு. உங்கட்டயும் சொல்லச் சொன்னாவ."

எப்படி, என்ன சீக்கு என்று முத்துநாயகம் கேட்கவில்லை. பெண்களெல்லாம் எங்கே என்றுதான் முதலில் கேட்டார். எல்லோரும் துட்டி வீட்டில்தான் என்றான் இசக்கி. வீட்டில் பிணத்தைப் போட்டுக்கொண்டு யார் வருவார்கள்? முத்துநாயகம் கொஞ்சம் யோசித்தார். பிறகு இசக்கியின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, ரெண்டு ரெண்டு பேராக வந்து போட்டுவிட்டுப் போனால் என்ன என்றார். இசக்கி கக்கத்துத் துண்டை எடுத்து மறு கக்கத்துக்கு மாற்றினான். சரி, எடுக்கிறதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, எல்லோரும் வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, சாவடி மூடினதும் எடுத்தால் என்ன, தானே வந்து முன்னால் நின்று நடத்தித் தருவேன் என்றார். இசக்கி என்னைப் பார்த்தான். நான் வாதுமை மரத்தைப் பார்த்தேன்.

வீட்டுப் பக்கத்திலிருந்து சொர்ணம் நடந்து வந்தாள். நகை ஒன்றும் போடவில்லை, வெள்ளைப் புடவை. எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"துட்டி சொல்லி ஆள் வந்தாச்சு," என்றாள் கணவரிடம். "நான் முன்னால போறேன். நீங்க பின்னால வாறீங்கன்னு அங்க சொல்லீருவேன்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். இசக்கியும் அவள் பின்னால் போனான்.

முத்துநாயகம் என்னைப் பார்த்தார். அத்தான், நான் இங்கே இல்லாவிட்டால் மேலத்தெருக்காரன்கூட மனசு மாறிவிடுவான், வக்கீல் ஒவ்வொருத்தனையும் கையைப் பிடித்துக்கொண்டு போவார் என்றார். அவருடைய ஆட்கள் ஓடி வந்து, இப்போது இடத்தை விட்டால் எல்லாம் போச்சு முதலாளி, சாயங்காலம் ஒரு மாலையோடு போய்க்கொள்ளலாம் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. இங்கே நின்றால் மேலத்தெரு நிற்கும், கீழத்தெரு போகும். அங்கே போனால் கீழத்தெரு நிற்கும், மேலத்தெரு போகலாம். ஓட்டுக் கணக்கு அப்படி இழுத்துக்கொண்டு நின்றது. ஆனால் கணக்கில் வராத ஒன்று வெள்ளைப் புடவையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பிப் பார்க்கவில்லை.

"தலையைக் காட்டிட்டு வந்திரலாம்," என்றார் அவர். நேரியலை எடுத்து ஒரு ஆளிடம் கொடுத்தார். சந்தனத்தைத் துடைத்தார். நடந்தோம். தேவகுமார் அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தலையைக் காட்டிவிட்டு வருகிற இடமா அது? தெருவில் நுழைந்ததுமே ஆண்கள் எழுந்து, பலகையைத் தட்டிப் போட்டு, அவரை நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். எழுந்திருக்க வழியில்லை. உள்ளே பெண்களின் ஒப்பாரி. அந்த அழுகைக்கு நடுவில் என் தங்கையின் குரலும் கேட்டது. முத்துநாயகம் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுடலையாண்டிக்கு ஒரு தம்பி. கொல்லத்தில் முந்திரி ஆபீசில் கொட்டை வறுக்கிற வேலை. அவனுக்குக் காத்திருந்து பார்த்தார்கள். பஸ் வந்தது, அவன் வரவில்லை. இனி வைக்க முடியாது என்று ஆயிற்று. பாடையைத் தூக்கும்போது ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. அந்தத் தெருவில் தோளுக்குப் பஞ்சமே கிடையாது. நாஞ்சில் நாட்டு நெல்லையெல்லாம் சுமந்த தோள்கள். ஆனால் முன்னால் இடது பக்கம் தம்பியின் இடம், அதில் வீட்டு ஆள்தான் நிற்க வேண்டும். சுடலையாண்டி சுற்றிப் பார்த்தான். முத்துநாயகத்தின் முன்னால் வந்து நின்றான். அவன் கண் சிவந்திருந்தது.

"அம்மைக்கு உங்க வீட்டுலேருந்து வந்து விளிச்சதுல அவ்வளவு சந்தோசம். நீங்க ஒரு தோள் குடுக்கணும்."

முத்துநாயகம் பிறந்ததிலிருந்து ஒரு மரக்கால் அரிசிகூடத் தன் கையால் தூக்கினதில்லை. எழுந்தார். சட்டையைக் கழற்றினார். இசக்கி ஒரு துண்டை மடித்து அவர் தோளில் வைத்தான். காலை எப்படி மாற்றி வைப்பது, மூச்சை எங்கே பிடிப்பது என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார்கள். பின்னாலிருந்து ஒருவன், "முதலாளி, எங்க கால்கூடச் சேந்து வையும், தனியா வைக்காதயும், தனியா வச்சா பாரம் கூடும்," என்றான். ரோட்டுக்கு வருவதற்குள் அவர் கால் அவர்கள் காலோடு சேர்ந்துவிட்டது.

சுடுகாடு பழையாற்றங்கரையில். வழியில் பள்ளிக்கூடம். பாடை சாவடிக்கு முன்னால் வந்தபோது வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். வக்கீலின் ஏஜெண்டாக ஒரு புதுப் பட்டதாரி இருந்தான். அவன் வெளியே ஓடி வந்து, ஆட்சேபிக்கிறேன் என்று குரல் கொடுத்தான். இரண்டு மூங்கில், நடுவில் குறுக்குச் சட்டம், ஆக மொத்தம் ஏணி. அபேட்சகரே தம் சின்னத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாவடி வாசலில் காட்டுகிறார் என்பது அவன் வாதம்.

தேவகுமார்தான் மரத்தடியிலிருந்து நடந்து வந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். நான் அவரைக் கோட்டு இல்லாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உள்ள போ. பிணத்துக்குக் குறுக்க நின்னு ஆட்சேபம் சொல்ல எந்தச் சட்டத்துலயும் இடமில்லை," என்று ஏஜெண்டிடம் சொன்னார். பாடை கடந்து போகும்வரை தலை குனிந்து நின்றார். அன்றிலிருந்து தேம்ஸ் நதியைப் பற்றி நான் கிண்டலாக எழுதுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். முழுக்க நிறுத்தவில்லை.

நாங்கள் ஆற்றங்கரையில் இருந்தபோது சாவடியில் நடந்ததை மறுநாள் எனக்குச் சொன்னவர்கள் பலர். பாடை தெருவைத் தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள், கால்வாயில் குளித்தார்கள். குளித்த கையோடு சொர்ணம் முன்னால் நடந்தாள், கீழத்தெரு பின்னால் நடந்தது. ஈரத்தலையைத் துவட்டாமல், சொட்டச் சொட்டப் பெண்கள் வரிசை வாதுமை மரம்வரை நீண்டது. சாவடி அதிகாரி திருவனந்தபுரத்துக்காரர். காலையிலிருந்து உள்ளேயே இருந்தவர். எட்டிப் பார்த்துவிட்டு, புறத்து மழையோ என்று பியூனிடம் கேட்டாராம். வெளியே பொட்டு மேகம் கிடையாது.

ஒரே ஒரு குழப்பம்தான். உள்ளே போன பெண்களில் சிலர், சின்னம் ஒட்டி ஆளுக்கொன்றாக வைத்திருந்த இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, எங்களை விளிச்ச அம்மைக்க பெட்டி எது என்று கேட்டார்களாம். சொர்ணம் வாயைத் திறக்க முடியாது, சட்டம். மரத்தடியில் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். அதிகாரி அவர்களிடம், இரண்டு ஆண்களுக்குத்தான் பெட்டி இருக்கிறது, பெண்ணுக்கு இல்லை என்று விளக்கினார். அப்படியா, அந்தம்மைக்கு ஏன் இல்லை என்று ஒருத்தி கேட்டாள். அதிகாரி அடுத்த பேரைக் கூப்பிட்டார். பிறகு அவர்களுக்குள்ளேயே பேசி, மூட்டை அடுக்க ஏறுகிற ஏணிதான் அந்த வீட்டுக்கு உரியது என்று முடிவு செய்து, மறுபடி உள்ளே போனார்கள்.

ஆற்றில் முழுகி எழுந்து ஆண்கள் சாவடிக்கு வந்தபோது மூடுகிற நேரம். முத்துநாயகம் வரிசையில் சுடலையாண்டிக்குப் பின்னால், இசக்கிக்கு முன்னால் நின்றார். ஈர வேட்டி, வெற்றுடம்பு, வலது தோளில் ரத்தம் கட்டிச் சிவந்த தடம். காலையில் வந்த சரிகை வேட்டிதான் அது என்று பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அதிகாரி பேர் கேட்டார். முத்துநாயகம் என்றார். தொழில் கேட்டார். இவர் பதில் சொல்வதற்குள், அதிகாரி தோளைப் பார்த்துவிட்டு, சுமடு அல்லே என்று தானே சொல்லிக்கொண்டார். முத்துநாயகம் மறுக்கவில்லை.

மறுநாள் நகரசபை ஆபீசில் எண்ணினார்கள். மேலத்தெரு கொஞ்சம் கைவிட்டுத்தான் இருந்தது. தேவகுமார் இந்தப் பக்கத்து மரத்தடியையும் நன்றாகவே உபயோகித்திருக்கிறார், பாடைக்குத் தலை குனிந்த நேரம் போக. ஆனாலும் ஏணி ஜெயித்தது. எங்கிருந்து ஜெயித்தது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தேவகுமார் வந்து முறையாகக் கைகுலுக்கினார். முத்துநாயகத்துக்குத் தோளைத் தூக்க முடியாததால் கையைக் கீழேயே வைத்துக் குலுக்கினார்.

வெளியே கடைத்தெரு திரண்டு நின்றது. மாலை, வெடி, நாகசுரம், தவில். தவில்காரர் வாரை இழுத்துக் கட்டி, ஒரு தட்டுத் தட்டினார். முத்துநாயகம் வலிக்காத கையைத் தூக்கினார்.

"வேண்டாம்," என்றார். "தோள் குடுத்த வீட்டுல இன்னும் சாம்பல்கூட அள்ளல்ல."

கீழத்தெரு முக்கு வழியாகப் போகாமல் கோயிலைச் சுற்றிப் போகலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். எந்த வழியாகப் போனாலும் தவில் சத்தம் கேட்கும் என்றார் இவர். வெடியையும் வேண்டாம் என்றார். மாலையை வாங்கிப் பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்துவிட்டார். தவில்காரர் கோலை மடியில் சொருகிக்கொண்டார். நாங்கள் ஐம்பது அறுபது பேர், ஒரு சத்தமில்லாமல், தலையைக் குனிந்துகொண்டு கோட்டாற்று ரோட்டில் நடந்தோம்.

அதைப் பார்த்தவர்கள் தோல்வி என்றல்லாமல் வேறு என்ன நினைப்பார்கள்? மேலத்தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் எழுந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். நகை செய்கிற ரத்தினம் பட்டறையிலிருந்து இறங்கி வந்து, முத்துநாயகத்தின் வலிக்கிற தோளிலேயே கையைப் போட்டார். முந்தின நாள் அவர் எந்தப் பெட்டியில் போட்டார் என்று எனக்குத் தெரியும்.

"சவத்து எலெக்‌ஷனை விட்டுத்தள்ளும் வே," என்றார். "முனிசிபாலிட்டி என்ன பெரிய சமஸ்தானமா? கையில கடை இருக்கு. மத்தவன் வந்து சாக்கடை கோரட்டும்."

முத்துநாயகம் பேசுவார், ஒரு நீளமான பேச்சு வரும் என்று எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தார். ரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். அதில் உண்மையாகவே துக்கம் இருந்தது, ஜெயித்தவருக்கு யாரும் அப்படி ஒரு முகத்தைக் காட்டப் போவதில்லை. ஆமாம் வே என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் நாலைந்து பேர் ஆறுதல் சொன்னார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒருவரையும் திருத்தவில்லை.

வீட்டில் இலை போட்டிருந்தது. சொர்ணம் சோறு வைத்தாள். எனக்கும் வைத்தாள்.

"ஜெயிச்சாச்சு," என்றார் அவர்.

"தெரியும். இசக்கி வந்து சொல்லிட்டுப் போறான்." பருப்பை ஊற்றினாள். "பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கு அரிசி நம்ம கடையிலேருந்துன்னு சொல்லி விட்டிருக்கேன். நீங்க மூட்டையோட காலம்பறயே போயிரணும். தெரு முழுக்கக் குழாயைப் பத்திக் கேக்கும்."

மெம்பர் முத்துநாயகம் நிமிர்ந்தார். இது விஷயமாக நகரசபையின் முதல் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டு வந்து, அது பரிசீலிக்கப்பட்டு, என்று ஆரம்பித்தார். சொர்ணம் கரண்டியோடு நின்று கேட்டாள். அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"என்னைக்கு வரும்னு கேப்பாவ," என்றாள். "தேதி சொல்லணும்."

அவர் சோற்றைப் பிசைந்தார். வலது தோளை மெதுவாக ஒரு தடவை அசைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, தண்ணீர் டிபார்ட்மெண்டில் யார் இருக்கிறார் அத்தான், நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் நாம ரெண்டு பேருமாப் போய்ப் பாத்துருவோமா என்று கேட்டார்.